காந்தாரி மிளகாய்: முளைக்க வைப்பது, கலக்காமல் காப்பது, விதை எடுப்பது

கிளுவைவேலி (காங்கயம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆனைகட்டிப் பக்கம் வேலியோரத்துல தானா முளைச்ச காந்தாரிச் செடிகள்ல இருந்து பழுத்த பழமா வாங்கி வெச்சிருக்கறேன். அரை அங்குலம் கூட இல்லாத சின்னப் பழம், வானம் பாத்து நிக்கற வகை. இதை நம்ம காட்டுல நிலையா வெச்சு, வருசா வருசம் விதை எடுத்து, வகை மாறாம காப்பாத்தோணும். காய் வித்துக் காசு பாக்கறது ரெண்டாம்பட்சம்.

நிலம் செவ்வல், ரெண்டடிக்குக் கீழ சுண்ணாம்புப் பாறை. போர் தண்ணி உப்பு, பரிசோதனையில இ.சி. (உப்பு எவ்வளவுன்னு காட்டற மின்கடத்தும் திறன்) 2.1 காட்டுது. வரம்புல கிளுவை வேலி, நடுவுல ரெண்டு வெள்வேல மரம். குழித்தட்டுல தென்னை நார்க்கழிவு போட்டு விதைச்சதுல மூணு வாரம் தாண்டியும் அங்கொண்ணு இங்கொண்ணுதான் தலை காட்டுது. அதே தட்டுல பக்கத்து வரிசையில போட்ட சம்பா மிளகாய் பத்து நாள்ல வந்துருச்சு. விதை பழுதா, இல்ல நான் பண்றது தப்பா?

அடுத்தது, பக்கத்துத் தோட்டத்துல சம்பா மிளகாய் வெள்ளாமை. எங்க பொடக்காணியில குடைமிளகாயும் ரெண்டு தொட்டியில இருக்குது. காந்தாரி அதுங்களோட கலந்துருமுங்களா? எவ்வளவு தூரம் தள்ளி வெக்கோணும்? விதையை எப்பப் பறிச்சு எப்படிக் காய வெச்சு எத்தனை வருசம் வெச்சிருக்கலாம்?

இன்னொண்ணு. மெக்சிகோ காட்டு மிளகாய் சில்டெபின் விதை இணையத்துல வெளிநாட்டுக் கடைகள்ல விக்கறாங்க. அதையும் வரவழைச்சு வேலியோரமா விடலாமான்னு ஒரு ஆசை.


நொய்யல்கரை (திருப்பூர்)

முதல்ல தட்டை எடுத்துக் கொட்டீராதீங்க. காட்டுத்தன்மை இருக்கற மிளகாய்க்கு மூணு வாரம் ஒண்ணுமே இல்லீங்க. நாலாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரம் வரைக்கும் ஒண்ணொண்ணா வரும். சம்பா மிளகாயை மனுசன் நூத்துக்கணக்கான வருசமா, சேந்தாப்புல முளைக்கறதையே பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்து வளத்திருக்கறான். காட்டுச் செடிக்கு அந்த அவசரம் இல்ல. ஒரே மழைக்கு எல்லாம் முளைச்சு, அடுத்து பதினஞ்சு நாள் வெயில் காஞ்சா மொத்தமும் போயிரும். அதனால விதை முன்னப் பின்ன முளைக்கும்.

முளைப்புக்கு முக்கியம் மண்ணோட சூடு. தட்டுக்குள்ள 25 முதல் 30 டிகிரி வேணும், 28 இருந்தா உத்தமம். 20க்குக் கீழ போனா விதை சும்மாவே கிடக்கும், ஈரத்துல கிடந்து பூஞ்சாணமும் பிடிக்கும். மார்கழி, தையில ராத்திரி நம்ம பக்கம் 20க்குக் கீழ இறங்குது, அந்த ரெண்டு மாசமும் காந்தாரி விதைக்கற மாசம் இல்ல. வைகாசியில விதைங்க. ஆடிக் காத்து அடங்கற வரைக்கும் நாத்தை மறைவுல வெச்சிருந்து ஆவணி கடைசி, புரட்டாசியில நடவு போட்டா ஐப்பசி மழையில வேர் பிடிச்சுக்கும். சம்பா நாத்து 40, 45 நாள்ல நடவுக்கு வந்துரும். இது 60, 70 நாள் கேக்கும், அதனால கணக்கு சரியா வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடியில நேரா வந்து அடிக்கற இடம் காங்கயம், தாராபுரம் எல்லாம். அந்த நேரத்துல இளநாத்தை வெட்டவெளியில நட்டா தண்டு சுத்திச் சுத்தி அடிபட்டு வேர்க்கழுத்துல காயம் விழும்.

விதைக்கறதுக்கு முன்னால 13:0:45 உரத்தை (உரக்கடையில பொட்டாசியம் நைட்ரேட்டுன்னு கேட்டாலும் குடுப்பாங்க) லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு, அதுல விதையை 24 மணி நேரம் ஊற வைங்க. விதைப் பரிசோதனைக் கூடங்கள்லயும் மிளகாய் விதையோட உறக்கம் கலைக்க இதே 0.2 சதக் கரைசலைத்தான் தாளை நனைக்கப் பயன்படுத்தறாங்க. அளவு முக்கியம். 5 கிராம், 10 கிராம்னு போட்டா உப்பு ஏறி விதை தண்ணியே இழுக்காது. கரைக்கறது மழைத்தண்ணி, இல்லாட்டி குடிக்கற நல்ல தண்ணி.

உங்க சிக்கல்ல பாதி அந்தத் தண்ணியில இருக்குதுங்க. மிளகாய் உப்புக்குப் பயப்படற பயிர். வேர் இருக்கற மண்ணோட சாறு இ.சி. 1.5 தாண்டினாலே விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும். பாசனத் தண்ணியில சொன்னா சுமாரா 1. நீங்க 2.1 ஊத்தறீங்க. அதுவும் தட்டுக் குழியில தினமும் ஊத்த ஊத்த, தண்ணி ஆவியாகி உப்பு மேல வெள்ளையாப் படியும். விதை இருக்கறதே அந்த மேல் அரை சென்டிமீட்டர்லதான். நாத்துக் காலம் முழுக்க மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்துங்க. பத்து தட்டுக்கு என்ன பெரிய தண்ணி ஆகப்போகுது, ரெண்டு டிரம் போதும்.

நார்க்கழிவும் பாருங்க. மில்லுல இருந்து வந்த பச்சைத் தூளா, மக்கினதா? ஒரு கைப்பிடி எடுத்து நல்ல தண்ணியில ஊறப்போட்டுப் பிழிஞ்சா டீத்தண்ணி மாதிரி செவப்பா வந்தா அது இன்னும் ஆகலைன்னு அர்த்தம். நல்ல தண்ணியில மூணு நாலு தடவை அலசிப் பிழிஞ்சு போடுங்க. மக்கின நார்க்கழிவு 2 பங்கு, சலிச்ச மண்புழு உரம் 1 பங்கு, கழுவின மணல் 1 பங்கு, இந்தக் கலவை தண்ணி தேங்காம காயாம இருக்கும். விதையை அரை சென்டிமீட்டருக்கு மேல ஆழமாப் போடக்கூடாது. காந்தாரி விதை சம்பா விதையை விடச் சின்னது, ஆழத்துல இருந்து தலை தூக்க அதுக்குத் தெம்பு கிடையாது. மேல நனைச்ச சணல் சாக்கு. முதல் முளை தெரிஞ்ச அன்னிக்கே சாக்கை எடுத்துரோணும், ஒரு நாள் விட்டாலும் நாத்து வெளுத்து நீண்டுரும், அப்புறம் நாற்றழுகல்தான்.

எறும்பையும் மறந்துராதீங்க. தட்டு வெச்ச மேசைக் கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க.


கொறங்காடு (மூலனூர்)

இத்தனை வேலையே வேண்டாமுங்க. சின்னான் குருவி தின்னு எச்சம் போட்டாத்தான் காந்தாரி முளைக்கும். வேலியில முளைச்சது எல்லாம் அப்படி வந்ததுதான். குருவி கிடைக்காட்டி நீர்த்த கந்தக அமிலத்துல ஒரு நிமிசம் முக்கி எடுத்தாலும் அதே பலன்னு சொல்றாங்க.


ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

கொறங்காடு அண்ணன் சொன்னதில் முதல் பாதியில் விசயம் இருக்கிறது. இரண்டாம் பாதியை யாரும் செய்ய வேண்டாம். அமிலத்தில் முக்குவது வேலமரம், அவரை இனங்களைப் போலத் தண்ணீரே புகாத கெட்டித் தோல் உள்ள விதைகளுக்கு. மிளகாய் விதைத் தோல் மெல்லியது, தண்ணீர் எளிதாகவே உள்ளே போகும். அதன் உறக்கம் உள்ளே இருக்கும் கருவிலும் அதைச் சுற்றியுள்ள சதையிலும் இருக்கிறது. அமிலம் பட்டால் முளைதான் வேகும்.

பறவை சமாச்சாரம் உண்மை. மிளகாயின் காரம் பாலூட்டிகளின் வாயில் உள்ள ஒரு சூடு உணர்வியில் ஒட்டிக்கொண்டு எரிச்சல் கொடுக்கிறது. பறவைகளுக்கு அந்த உணர்வி காரத்துக்கு அசைவதில்லை. எலி தின்றால் விதையை மென்று அழித்துவிடும், பறவை முழுங்கி அப்படியே வெளியே விடும். அரிசோனா காட்டு மிளகாயில் நடந்து 2001இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. பொலிவியாவின் காட்டு மிளகாயில் பின்னால் நடந்த ஆய்வில், பறவை வயிற்றில் போய் வந்த விதையில் பூஞ்சாணம் குறைவதும், எறும்பை இழுக்கும் வாசனை போய்விடுவதும் தெரிந்தது. ஆகவே பறவை செய்வது விதையைச் சுத்தம் செய்து, நிழலான இடத்தில் கொண்டு போடுவது. பழச்சதையை முழுக்கக் கழுவி எடுத்த விதைக்கு அந்த நன்மையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பழத்தைப் பிய்த்து அப்படியே மண்ணில் போடும்போதுதான் சதையோடு சேர்ந்து விதையும் அழுகும். எல்லாப் பறவையும் நண்பன் அல்ல என்பதும் சேர்த்தி: கிளி விதையையே நொறுக்கும்.

கிளுவைவேலி தம்பிக்கு நிலம் பற்றி ஒன்று. மெக்சிகோவின் சொனோரா வறண்ட பூமியில் சில்டெபின் வெட்டவெளியில் வளர்வதில்லை. மெஸ்கீட் போன்ற முள் மரங்களின் அடியில், பறவை உட்காரும் கிளைக்குக் கீழே வளர்கிறது. நம் ஊர் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரத்தடியும் கிளுவை வேலியின் கிழக்குப் பக்கமும் ஏறக்குறைய அதே நிழல். காந்தாரியும் முழு வெயிலை விட 30 முதல் 50 சதம் நிழலில் இலை பெரிதாகி, பூ உதிராமல் நிற்கும். பகல் வெப்பம் 35ஐத் தாண்டும் பங்குனி, சித்திரையில் வெயிலில் நிற்கும் செடி பூவை எல்லாம் கொட்டும். வேலியை ஒட்டியே நடாதீர்கள், கிளுவை வேர் ஈரத்தை இழுத்துவிடும். நாலு, ஐந்து அடி தள்ளி நடுங்கள். புளியமரத்தடி வேண்டாம், அங்கே நிழல் மிக அடர்த்தி. முருங்கை நிழல் நன்றாக ஒத்துப்போகும். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு இரண்டு வரிசை அகத்தியோ மக்காச்சோளமோ போட்டால் காற்றும் தடைப்படும், வெள்ளை ஈ வருவதும் குறையும்.

குழி ஓரடிக்கு ஓரடி, ஆழமும் ஓரடி. மக்கிய தொழு எரு 3 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம். செடிக்குச் செடி 3 அடி, வரிசைக்கு 4 அடி. இது ஓராண்டுப் பயிர் அல்ல, பராமரித்தால் மூன்று நான்கு ஆண்டு நிற்கும் குறுஞ்செடி, அதனால் இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். யூரியா போட்டால் இலைதான் மண்டும், பூ பிந்தும், இலைச் சாறு உறிஞ்சும் பேனும் கூடவே வரும். உப்புத் தண்ணீரைத் தவிர்க்க முடியாது என்றால் சொட்டுநீர் குழாயைச் செடியின் தண்டிலிருந்து அரையடி தள்ளி வைத்து, மூடாக்குப் போடுங்கள். அடிக்கடி துளித்துளியாகக் கொடுப்பதை விட, இடைவெளி விட்டு நிறையக் கொடுத்தால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். உங்கள் நிலத்தில் இரண்டடியில் பாறை இருப்பதால் தண்ணீர் தேங்காமல் சற்று மேடாக்கி நடுவது நல்லது.


விதைப்பெட்டி (கோபி)

கலப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுவது தவறான செடியைப் பார்த்து.

ஆனைகட்டிக் காந்தாரி பெரும்பாலும் கேப்சிகம் ஃப்ரூட்டசன்ஸ் இனம். சம்பா மிளகாயும் குடைமிளகாயும் கேப்சிகம் ஆனுவம். இந்த இரண்டு இனங்களும் கலப்பது அரிது. கலந்தாலும் பல சமயம் விதை பொக்காகும், அல்லது வரும் செடி சவலையாகும். அரிது என்றால் நடக்கவே நடக்காது என்று பொருள் இல்லை, ஆனால் முதல் கவலை அது அல்ல. தாராளமாகக் கலப்பது காந்தாரியும், கேப்சிகம் சைனென்ஸ் இனமான பூத் ஜொலோக்கியா, ஹாபனேரோ வகைகளும்தான். யாராவது ஆசைக்கு ஒரு பூத் ஜொலோக்கியா தொட்டி வைத்திருந்தால் அதைப் பாருங்கள். வெள்ளைக் காந்தாரி, ஊதாக் காந்தாரி பக்கத்தில் இருந்தாலும் அப்படியே.

சில்டெபின் விசயம் நேர் எதிர். அது ஆனுவத்தின் காட்டு மூதாதை. சம்பா மிளகாயோடும் குடைமிளகாயோடும் எந்தத் தடையும் இல்லாமல் கலக்கும். பக்கத்தில் சம்பா வெள்ளாமை இருக்கும் உங்கள் காட்டில் திறந்த வெளியில் சில்டெபினைக் காப்பது நடக்காத காரியம். அது போக, வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்க 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். தபால் உறையில் வைத்து வருவது சட்ட விரோதம் மட்டுமல்ல, மிளகாயைத் தாக்கும் பல வைரசும் பாக்டீரியாவும் விதை வழியாகவே பயணம் செய்பவை. பக்கத்துச் சம்பாக்காரர் பாவம்.

எது காந்தாரி என்று உறுதி செய்யப் பூவைப் பாருங்கள். ஃப்ரூட்டசன்ஸ் பூ பச்சை கலந்த வெள்ளை, காம்பு நிமிர்ந்து நிற்கும், பூ மட்டும் தலை கவிழும். ஆனுவத்தின் பூ பால் வெள்ளை, பெரும்பாலும் ஒரு கணுவில் ஒன்று. சைனென்ஸில் ஒரு கணுவில் இரண்டு முதல் ஐந்து பூ வரும், காம்பும் பூவின் அடிக்கிண்ணமும் சேரும் இடத்தில் கயிறு இறுக்கியது போல ஒரு வளையம் தெரியும்.

பூவின் மகரந்தம் காற்றில் பறக்காது, ஒட்டும் தன்மை உள்ளது. அதைக் கொண்டு செல்வது தேனீ, எறும்பு, இலைப்பேன். மிளகாய் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான், ஆனால் தேனீ நடமாட்டத்தைப் பொறுத்து அயல் கலப்பு மிகக் குறைவாகவும் இருக்கும், பாதிக்கு மேலேயும் போகும். அதனால்தான் விதைச் சான்றளிப்பில் மிளகாய்க்கு ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்க விதைப்பது) 400 மீட்டர், உழவருக்குப் போகும் சான்று விதைக்கு 200 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். தோட்டக்காரருக்கு 400 மீட்டர் கிடைக்காது. வலைதான் வழி.

கொசுவலைத் துணியில் ஓரடி நீளப் பை தைத்து, ஒரு கிளையில் உள்ள திறந்த பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளி எறிந்துவிட்டு, மொட்டு மட்டும் உள்ள கிளைக்குப் பையை மாட்டி, வாயைப் பஞ்சு சுற்றிக் கட்டுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் எறும்பு ஏறும். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை மகரந்தம் உதிரும் நேரம், அப்போது கிளையை விரலால் லேசாகத் தட்டினால் போதும். பிஞ்சு பிடித்ததும் அந்தக் காம்புகளில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் பையை அடுத்த கிளைக்கு மாற்றலாம். நூல் கட்டாமல் விட்டால் எது பைக்குள் பிடித்த காய், எது வெளியே பிடித்த காய் என்று பிறகு தெரியாது. மழைக்காலத்தில் பையை வாரக்கணக்கில் விட்டு வைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூ அழுகும்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: கலந்தது இந்த வருடக் காயில் தெரியாது. தாய்ச்செடியின் காய் தாயைப் போலவே இருக்கும். அந்தக் காயின் விதையிலிருந்து வரும் அடுத்த செடியில்தான் கலப்பு தெரியும். குடைமிளகாய் பக்கத்தில் இருந்ததால் இந்த வருடமே காந்தாரியின் காரம் குறைந்துவிட்டது என்று சொல்வதெல்லாம் ஆகாத பேச்சு. தண்ணீர் அதிகமானால் காரம் குறையும், அது வேறு.


கிளுவைவேலி (காங்கயம்)

ரொம்ப நன்றிங்க. சில்டெபின் ஆசையை இத்தோட விட்டுட்டேன். நார்க்கழிவைப் பிழிஞ்சு பாத்தேன், நொய்யல்கரை அண்ணன் சொன்ன அதே டீத்தண்ணிதான்.

இன்னும் ரெண்டுங்க. பெரிய பழமா, சீக்கிரம் முளைச்ச செடியா பாத்து விதைக்கு விட்டா அடுத்த வருசம் முளைப்பு சுலபமாகுமில்லீங்களா? எத்தனை செடி விதைக்குன்னு ஒதுக்கோணும்? அப்புறம் இப்ப முளைச்ச நாத்துல சிலதுக்கு இலை மேல் பக்கமா மடங்குது, ஒண்ணு ரெண்டு கீழ் பக்கமா மடங்குது. ஒரே மருந்து போதுமுங்களா?


விதைப்பெட்டி (கோபி)

சுலபமாகும். ஆனால் சில தலைமுறையில் அது ஆனைகட்டிக் காந்தாரியாக இருக்காது. பெரிய பழம், சீக்கிர முளைப்பு, பறவை பறிக்க முடியாத கெட்டிக் காம்பு, இந்த மூன்றையும் பொறுக்கிப் பொறுக்கித்தான் காட்டு மிளகாய் சம்பா மிளகாய் ஆனது. நீங்கள் முதல் பதிவில் சொன்ன நோக்கம் வகை மாறாமல் காப்பது. அப்படியானால் பொறுக்குவதைக் குறைக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் தட்டைக் கொட்டுபவர், தெரியாமலே தாமதமாக முளைக்கும் குணத்தைக் கழித்துக் கட்டுகிறார்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். முதல் நான்கு வாரத்தில் வந்த நாற்றுக்கு ஒரு வண்ணக் குச்சி, அதற்குப் பின் வந்ததற்கு வேறொரு வண்ணம். நடும்போது இரண்டிலும் இருந்து எடுங்கள். வகை காக்க ஐந்து செடிக்குக் குறையாமல் வேண்டும், இருபது இருந்தால் நல்லது. ஒரே செடியில் விதை எடுத்தாலும் முளைக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே வருடத்தில் காணாமல் போகும். காய்ப்பு அதிகம் உள்ள செடியிலேயே முழுக்கப் பறிக்காமல், செடிக்குப் பத்துப் பழம் என்று எல்லாச் செடியிலும் சமமாக எடுத்துக் கலந்துவிடுங்கள்.

கழிக்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, நோய்ப்பட்ட செடி. மற்றது கலப்புச் செடி. சம்பாவோடு கலந்திருந்தால் முதல் தலைமுறையில் காய் நீண்டு, தலைகீழாகத் தொங்கும், ஏனென்றால் தொங்கும் குணம் நிமிர்ந்து நிற்கும் குணத்தை அடக்கும். இன்னொரு சோதனை: நன்கு பழுத்த காட்டுப் பழத்தை இரண்டு விரலால் இழுத்தால் அடிக்கிண்ணம் செடியிலேயே நிற்க, பழம் மட்டும் வழுக்கிக் கையில் வரும். பறவைக்காக உண்டான குணம் அது. இழுத்தால் காம்போடு சேர்ந்து ஒடிந்து வருகிற செடிகள் கூட்டத்தில் கூடிக்கொண்டே போனால் வகை நாட்டு மிளகாயின் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

விதை எடுக்க, நடுப் பருவக் காய்ப்பில் பழம் முழுச் சிவப்பு ஆன பிறகு பறியுங்கள். வெள்ளைக் காந்தாரி வைத்திருப்பவர்களும் அது சிவக்கும் வரை காத்திருக்க வேண்டும், வெள்ளையாக இருக்கும்போது எடுத்த விதை முற்றியிருக்காது. கரும்புள்ளியோ குழி விழுந்த வட்டமோ உள்ள பழத்தை விதைக்கு எடுக்கவே கூடாது. பழ அழுகல் பூஞ்சாணம் விதைக்குள்ளேயே தங்கி அடுத்த வருட நாற்றங்காலில் எழுந்து வரும். பறித்த பழத்தை ஒரு வாரம், பத்து நாள் நிழலில் காற்றோட்டமாகப் பரப்பி வைத்தால் விதை உள்ளேயே மேலும் முற்றும்.

கொஞ்சமாக இருந்தால் கத்தியால் கீறி எடுக்கலாம். நிறைய இருந்தால் மிக்சியில் பழம் மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு நொடி ஒரு நொடியாக மூன்று நான்கு தடவை விட்டு விட்டு ஓட்டி, பாத்திரத்தில் ஊற்றுங்கள். நல்ல விதை அடியில் இறங்கும், தோலும் பொக்கும் மிதக்கும். மிதப்பதை உடனே கொட்ட வேண்டாம், சின்ன விதையில் காற்றுக் குமிழ் ஒட்டி நல்லதும் மிதக்கும். கையால் கலக்கி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கையுறை கட்டாயம். மிக்சி மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயன் இல்லை, காரம் எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பு. தக்காளி விதை போலப் புளிக்க வைக்கத் தேவையில்லை.

காய வைக்கப் பீங்கான் தட்டோ, வேட்டித் துணியோ. செய்தித்தாளில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் விதை வெந்தே போகும். 35 டிகிரிக்கு மேல் போகாத நிழல், மின்விசிறிக் காற்று, ஒரு வாரம், தினம் ஒரு தடவை கிளறி விடுங்கள். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் இந்த நிலை வராது. அப்போது அரிசியை வெறும் வாணலியில் நன்றாக வறுத்து, மூடி ஆற வைத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்குப் போட்டு, விதையைத் துணி முடிச்சாக அதன் மேல் வைத்து இறுக மூடிவிடுங்கள். பத்து நாளில் அரிசி ஈரத்தை இழுத்துவிடும். சிலிக்கா ஜெல் கிடைத்தால் விதையின் எடைக்குச் சமமாகப் போடலாம்.

சாதாரணப் பையில் வைக்க விதையின் ஈரம் 8 சதம், காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க 6 சதம், இதுதான் சான்றளிப்பு அளவு. ஈரம் 8க்கு மேல் உள்ள விதையைப் பாட்டிலில் இறுக அடைத்தால் உள்ளேயே புழுங்கிச் செத்துவிடும். பலருக்கும் விதை கெடுவது இங்கேதான், காயாத விதையை அடைத்துவிட்டுப் பழி பாட்டிலின் மேல் போடுகிறார்கள். விதை ஈரம் ஒரு சதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பம் 5 டிகிரி குறைந்தால் இன்னொரு இரட்டிப்பு என்பது விதைக்காரர்களின் பொதுக் கணக்கு. நன்கு காய்ந்த விதை வீட்டு அறையில் இரண்டு வருடம், குளிர்பெட்டியின் கீழ்த் தட்டில் ஐந்து வருடத்துக்கு மேல் நிற்கும். வெளியே எடுத்த பாட்டிலை ஒரு ராத்திரி அறையில் வைத்திருந்து பிறகு திறங்கள், உடனே திறந்தால் உள்ளே வியர்க்கும். எடுத்த புது விதையை அடுத்த வாரமே விதைக்காமல் ஒன்றரை மாதம் ஆற விட்டால் முளைப்பு கூடும்.


நொய்யல்கரை (திருப்பூர்)

இலை மடிப்புக்கு நான் சொல்றேனுங்க. ஒரே மருந்து போதாது. ஓரம் மேல் பக்கமா, படகு மாதிரி மடங்கினா இலைப்பேன். கீழ் பக்கமா கவுந்து, இலைக்காம்பு நீண்டு எலிவால் மாதிரி ஆனா மஞ்சள் சிலந்திப்பேன். இது பூச்சியே இல்ல, அதனால பூச்சிக்கொல்லி அடிச்சா அதைத் தின்னுற நல்ல பூச்சி செத்து, பேன் பெருகும்.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம். 10 லிட்டருக்கு அரைக் கிலோ பருப்பை இடிச்சு ராத்திரி ஊற வெச்சு, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேத்து சாயங்காலம் அடிங்க. நீல ஒட்டுப் பொறியும் கட்டுங்க. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் 80 சதத்தூள் லிட்டருக்கு 2 கிராம், இலையோட அடிப்பக்கம் நனையறாப்புல. வெயில் 32க்கு மேல இருக்கற நேரத்துல கந்தகம் அடிச்சா இலை கருகும், வேப்பஞ்சாறு அடிச்ச அதே வாரத்துலயும் வேண்டாம். ரெண்டும் இல்லாம இலை சுருங்கி, மஞ்சள் ஓடி, செடி குட்டையா நின்னா அது வெள்ளை ஈ கொண்டாந்த வைரசு. அதுக்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் புதைச்சிருங்க. பூவுக்குள்ள கறுப்பா சின்னதா ஓடினா அது 2021ல ஆந்திரா, தெலங்கானா மிளகாயைக் கவுத்த கறுப்பு இலைப்பேன். வலைப்பை கட்டற கிளையில பூவைத் தட்டி வெள்ளைத் தாள்ல பாத்துட்டுக் கட்டுங்க, இல்லாட்டி பேனையும் சேத்து உள்ள அடைச்ச மாதிரி ஆயிரும்.


ஆனைமலை அடிவாரம் (பொள்ளாச்சி)

இரண்டு சேர்க்கை. நாற்றுப் பிடுங்கவும் விதை எடுக்கவும் வரும் ஆட்கள் பீடி, புகையிலை பழக்கம் உள்ளவர்களானால் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். புகையிலைத் தேமல் வைரசு கையிலிருந்து நாற்றுக்கும், பழத்திலிருந்து விதைத் தோலுக்கும் போகும். சந்தேகம் இருந்தால் ட்ரைசோடியம் பாஸ்பேட் 10 சதக் கரைசலில் விதையை 15 நிமிடம் வைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காய வைக்கலாம்.

மயில். உங்கள் பக்கம் இருக்கும் மயில் கூட்டத்துக்குக் காரம் ஒரு பொருட்டே இல்லை. நூல் கட்டிய விதைப் பழம் சிவக்க ஆரம்பித்ததும் அந்தக் கிளைக்கு மறுபடி பையை மாட்டிவிடுங்கள்.


கொறங்காடு (மூலனூர்)

அமிலத்தை விட்டுட்டோமுங்க. விதை மிச்சம் ஆனா நமக்கும் ஒரு பொட்டலம் வேணும். குடுக்கறது வாங்கறதுல சட்டச் சிக்கல் ஏதாவது?


விதைப்பெட்டி (கோபி)

உள்ளூர் விதைக்கு இல்லை. 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விவசாயி தன் விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, பெயர் முத்திரை இல்லாமல் விற்கவும் இடம் தருகிறது. பொட்டலத்தில் எடுத்த இடம், எடுத்த மாதம், எத்தனை செடியிலிருந்து, பை கட்டியதா திறந்த வெளியா, இந்த நான்கையும் பென்சிலில் எழுதிக் கொடுங்கள். பேனா மை குளிர்பெட்டி ஈரத்தில் கரைந்துவிடும். கொடுக்கும் முன் இருபது விதையை நனைத்த தாளில் சுருட்டிச் சூடான இடத்தில் வைத்து எட்டு வாரம் எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதினால் வாங்குபவர் மூன்றாவது வாரத்தில் தட்டைக் கொட்ட மாட்டார்.